அரளியை எடுங்கள், புல்லை விடுங்கள்

ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் வாடகைக்குப் பிடித்த வில்லா, முன்பு குடியிருந்தவர்கள் அங்கேயே விட்டுவிட்டுப் போன 12 கிலோ ஆமை, தோட்டத்தில் செம்பருத்தி, அரளி, போகன்வில்லா, நித்தியகல்யாணி, முருங்கை, கற்றாழை, ஏதோ ஒரு கள்ளி, மல்லிகை, கறிவேப்பிலை, மூலையில் ஒரு வேப்பமரம். இதில் எதையெல்லாம் ஆமை தின்னலாம், பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடு மேடு மேடாக இருப்பது சாப்பாட்டினாலா என்றும் ஒரு வரி. நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. எது ஆமையைக் கொல்லும் என்பது ஒன்று. எது அதற்குச் சாப்பாடு என்பது இன்னொன்று. கொல்லாதது எல்லாம் சாப்பாடு ஆகிவிடாது, இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி ஆமைகள் எங்களிடம் வந்து சேர்கின்றன.

நான் கால்நடை மருத்துவன். படிக்கும்போது மாடு, ஆடு, கோழி, நாய் என்றுதான் போனது, ஆமையை எல்லாம் இங்கே வளைகுடாவுக்கு வந்த பிறகு மேசைமேல் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான், அதற்கே 17 வருடம் ஆகிவிட்டது. நீங்கள் போட்ட படத்தில் இருப்பது சுல்கட்டா. ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை போகும் வறண்ட பட்டையில் வாழும் ஆமை. கலாபகோஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளுக்கு அடுத்தபடி உலகிலேயே பெரிய தரை ஆமை இதுதான். உங்களுடையது இன்னும் வளரும், 40, 50 கிலோ போவது சாதாரணம். உங்கள் பையனுக்குக் கல்யாணம் ஆகும்போதும் இருக்கும். இது சைட்டிஸ் என்ற பன்னாட்டு வன உயிரின வணிகக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர், அதனால் பழைய குடித்தனக்காரரிடம் காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள், ஊருக்குக் கிளம்பும் நாளில் தேடினால் கிடைக்காது. தயவுசெய்து பாலைவனத்தில் கொண்டுபோய் விடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது இந்த மண்ணின் ஆமை அல்ல. இதைப் படிக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியாவில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2019-இல் அது சைட்டிஸ் முதல் பட்டியலுக்கே போய்விட்டது. அதற்கு என்ன கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்டால் வனத்துறையிடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன்.

சரி, கொல்லும் செடிக்கு வருவோம். உங்கள் பட்டியலில் எனக்குப் பயம் தருவது அரளி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இலை, பூ, பட்டை, வேர், எல்லாவற்றிலும் இதயத்தைப் பிடித்து ஆட்டும் நஞ்சு இருக்கிறது. 500 கிலோ குதிரையைச் சாய்க்க 10, 20 இலை போதும் என்று கால்நடை நஞ்சியல் பாடத்தில் படித்திருக்கிறோம், 12 கிலோ ஆமைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலைத் தாங்கும், தண்ணீர் குறைவாகக் கேட்கும், வருடம் முழுக்கப் பூக்கும் என்பதால் இங்கே எந்தத் தெருவுக்குப் போனாலும் அரளிதான். இதில் ஆட்களுக்குத் தெரியாத விஷயம், காய்ந்தாலும் அந்த நஞ்சு போகாது. பச்சை இலை கசக்கும், அதனால் பல மிருகங்கள் ஒரு கடி கடித்துவிட்டு விட்டுவிடும். காய்ந்த சருகு வேறு புல்லோடும் இலையோடும் கலந்து கிடந்தால் அந்தக் கசப்பு அவ்வளவாகத் தெரியாது. என்னிடம் வந்த ஒரு சுல்கட்டா அப்படித்தான். நான்கு வருடம் அதே தோட்டத்தில் அரளி வேலியோரம் திரிந்த ஆமை, ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. தோட்டக்காரர் ஒரு வியாழக்கிழமை வேலியைக் கத்தரித்து, கிளைகளை மூலையில் குவித்துவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆமை தலையை உள்ளே இழுக்கக்கூடத் தெம்பில்லாமல் வந்தது, இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தது. இரண்டு நாள் போராடினோம். பிழைக்கவில்லை.

அதனால் 'ஆமைக்கே தெரியும் எதைத் தின்னக்கூடாது என்று' என யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது பிறந்த காட்டில் அதன் பாட்டன் பூட்டன் பார்த்த செடிகளுக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தலாம். பிளாஸ்டிக் தொட்டியில் பிறந்து லெட்டூஸ் தின்று வளர்ந்த ஆமைக்கு மெடிட்டரேனியன் பக்கத்து அரளியைப் பற்றி யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? உங்கள் வீட்டு அரளியை வேரோடு எடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆமை நடமாடும் இடத்தைப் பிரித்து, ஒன்றரை இரண்டு அடி உயரத்துக்கு அந்தப் பக்கம் தெரியாத தடுப்பாகக் கட்டுங்கள். கம்பி வலை உதவாது, மறுபக்கம் தெரிந்தால் முட்டிக்கொண்டே இருக்கும், 30 கிலோ ஆனதும் வலையோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அடியில் தோண்டவும் செய்யும், அதனால் தடுப்பு மண்ணுக்குள்ளும் கொஞ்சம் இறங்கியிருக்க வேண்டும். வெட்டிய அரளியைக் கொளுத்தாதீர்கள், புகையும் நல்லதில்லை. கையுறை போட்டு, மூட்டை கட்டி, அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுங்கள்.

அரளியின் சொந்தக்காரர்கள் எல்லாருமே கிட்டத்தட்ட அதே குணம்தான். மஞ்சள் அரளி, எருக்கு, நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, அல்லமண்டா, அடீனியம் எல்லாம் ஒரே குடும்பம். உங்களிடம் இருக்கும் நித்தியகல்யாணியில் இருந்துதான் புற்றுநோய்க்கான வின்கிறிஸ்டின் மருந்து எடுக்கிறார்கள். பெருகும் செல்களை நிறுத்தக்கூடிய சரக்கு அது, ஆமைத் தீவனம் கிடையாது. அடீனியத்தை நர்சரியில் டெசர்ட் ரோஸ் என்று விற்பார்கள், 'ரோஸ்தானே' என்று இதழைப் பறித்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் குடும்பத்துக்கு வெளியே ஆமணக்கு, ஊமத்தை, உன்னிச்செடி, குன்றிமணி, செங்காந்தள், இவற்றை எல்லாம் நம்ம ஊரில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சைகஸ் என்று ஒன்று வில்லா வாசல்களில் குட்டைப் பனை மாதிரி நிற்குமே, அது பனையே அல்ல, கல்லீரலைக் காலி பண்ணும் செடி, விதை இன்னும் மோசம். வீட்டுக்குள் வைக்கும் மணி பிளான்ட், டிஃபன்பாக்கியா வகையறாவில் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் படிகம் இருக்கும், தின்றால் வாயும் தொண்டையும் வீங்கும். அவற்றின் தொட்டியைத் தோட்டத்தில் வெயிலுக்கு வைக்கும் பழக்கம் இருந்தால் உயரத்தில் வையுங்கள்.

காம்பைக் கிள்ளினால் பால் வடிகிறதா பார், வடிந்தால் ஆகாது என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். பாதிக்கு மேல் வேலை செய்யும் வழிதான், ஆனால் அத்தி இலையில் பால் வடியும், அதை ஆமை அளவாகத் தின்னலாம். உன்னிச்செடியிலும் ஊமத்தையிலும் பாலே வராது, அவை விஷம். ஆகவே இது சந்தேகப்படுவதற்கு உதவும், சந்தேகத்தைத் தீர்க்க உதவாது.

நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல், தமிழ்ப் பேர். ஒரே பேரை நாலு செடிக்கு வைத்திருக்கிறோம். உங்கள் 'கள்ளி' எந்தக் கள்ளி? சப்பாத்திக்கள்ளி என்றால் அது உங்கள் ஆமைக்குக் கிடைத்த வரம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி என்றால் அவற்றின் வெள்ளைப் பால் வாயையும் கண்ணையும் வேக வைத்துவிடும். இரண்டுக்கும் ஒரு உறவும் கிடையாது, முள்ளும் சதையும் இருக்கிறதே என்று நாம் ஒரே பேரில் போட்டுவிட்டோம். மல்லியும் அப்படித்தான். குண்டுமல்லி தொந்தரவு இல்லாதது, நாலு பூ தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரவில் ஊரையே தூக்கும் வாசனையோடு பூக்கும் இரவுராணியையும் சிலர் 'நைட் ஜாஸ்மின்' என்று மல்லிக் கணக்கில் சேர்க்கிறார்கள், அது கத்தரிக் குடும்பத்து நச்சுச் செடி. செண்டுமல்லி இரண்டிலும் சேராது. கற்றாழை என்றால் சோற்றுக்கற்றாழையா, ஆனைக்கற்றாழையா? சோற்றுக்கற்றாழையின் உள்சோறு பரவாயில்லை, தோலுக்கு அடியில் வரும் மஞ்சள் திரவம் பேதி மருந்து. எப்போதாவது ஒரு கடி கடித்தால் பதற வேண்டாம், சாப்பாடாகப் போடவும் வேண்டாம். ஆனைக்கற்றாழைச் சாறு எரிச்சல் தரும், நுனி முள் கண்ணைக் குத்தும், அது ஆமை உயரத்தில் இருக்கவே கூடாது.

இனி நிம்மதியாகக் கொடுக்கக்கூடியவை. செம்பருத்தி முதலிடம். இலை, பூ, மொட்டு எல்லாம் கொடுக்கலாம், சுல்கட்டாக்களுக்கு அதன்மேல் ஒரு பைத்தியமே உண்டு, நோயிலிருந்து எழுந்து வரும் ஆமைக்கு முதலில் நான் நீட்டிப் பார்ப்பது ஒரு சிவப்புச் செம்பருத்திதான், அதையும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம். போகன்வில்லாவின் காகிதப் பூவும் இலையும் சரி, முள்ளை மட்டும் பாருங்கள். உங்களிடம் இல்லை, ஆனால் வைக்கலாம் என்று நான் சொல்வது முசுக்கொட்டை, அதாவது மல்பெரி. அல் ஐன் மண்ணில் நன்றாக வரும், இலை நிறையத் தரும், நிழலும் தரும். திராட்சை இலை, வாழை இலையும் நல்லவை. வாழை இலையை நாராகக் கிழித்து முற்றிய பாகத்தைப் போடுங்கள், அதற்கு நார்தான் வேண்டும். சப்பாத்திக்கள்ளி மடலில் கால்சியம் அதிகம், தண்ணீரும் உண்டு, கோடைக்கு அருமை. பெரிய முள்ளை அது பெரிதாகப் பொருட்படுத்தாது, ஆனால் பொடிப்பொடியாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும் சுணை முள்ளைத் தீயில் வாட்டியோ கத்தியால் சீவியோ எடுத்துவிடுங்கள், உங்கள் விரலுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதன் பழத்தைத் தின்ற பிறகு மலமும் சிறுநீரும் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று பயந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஓடிவந்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், பாவம், ஆமையின் வாயும் சிவப்பு, பிள்ளைகள் அழுதபடி, கடைசியில் பழச்சாறு.

முருங்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் 'அவ்வளவு சத்து' என்று கூடை கூடையாகப் போடுவார்கள். கால்சியம் உண்மையிலேயே அதிகம், 100 கிராம் பச்சை இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் தண்ணீரைக் கழித்துவிட்டுக் காய்ந்த எடையில் பார்த்தால் கால் பங்கு புரதம். புல் தின்னவே பிறந்த உயிருக்கு அது தினப்படி அளவு இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை, ஒரு கைப்பிடி, போதும். இதே கணக்குதான் குதிரைமசாலுக்கும். இங்கே தீவனக் கடையில் 'ஜத்' என்று கட்டுக்கட்டாகக் கிடைக்கும், மலிவு, ஆமையும் பாய்ந்து தின்னும். ஆட்டுக்குச் சரி, உங்கள் ஆமைக்கு அது பலகாரம்.

அப்படியானால் சாப்பாடு எது? புல். நீங்கள் பட்டியலில் புல்லை எழுதவே இல்லை, எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. படத்தில் ஆமைக்குப் பின்னால் நன்றாக ஒரு புல்தரை தெரிகிறது, அதைச் செடியாகவே நீங்கள் எண்ணவில்லை. இந்த ஆமை தின்பதில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்க வேண்டும், மேலே நான் அடுக்கிய செம்பருத்தி, போகன்வில்லா எல்லாம் மீதி ஒன்றிரண்டு பங்குக்குள். அதன் பெருங்குடல் ஒரு நொதிப்பானை மாதிரி. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்து ஆமைக்குத் தெம்பு எடுத்துக்கொடுக்கின்றன. தின்றது வெளியே வர வாரக்கணக்கில்கூட ஆகலாம். அவ்வளவு மெதுவாக வேகும் பானையில் தர்பூசணியைப் போட்டால் சர்க்கரையில் வேண்டாத கிருமி பெருகும், கழிச்சல் வரும், ஒட்டுண்ணி தலைதூக்கும். அல் ஐன் வீட்டுப் புல்தரை பெரும்பாலும் நம்ம அருகம்புல்லின் ஒட்டுவகைதான், பிள்ளையாருக்குப் போடுவதேதான், ஆமைக்கும் அதுவே உயர்ந்த படையல். கோடையில் புல் காய்ந்துவிட்டால் தீவனக் கடையில் ரோட்ஸ் புல் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காய்ந்த புல் என்றதும் வைக்கோலை வாங்கிவிடாதீர்கள். வைக்கோல் தானியத்தை எடுத்த பிறகு மிஞ்சும் தாள், சத்து போனது. பச்சை வாடாமல் இருக்கும்போதே அறுத்து உலர்த்திய புல் வேறு, மோந்து பார்த்தால் வாசனையே சொல்லிவிடும். லெட்டூஸுக்குப் பழகிய ஆமை முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். புல்லைக் கத்தரியால் இரண்டு அங்குலமாக நறுக்கி, தண்ணீர் தெளித்து, நசுக்கிய செம்பருத்திப் பூவைப் பிசிறி வையுங்கள். பத்து நாள் பிடிவாதம் பிடித்தாலும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள், நல்ல எடையுள்ள பெரிய ஆமை அதற்கெல்லாம் வாடிவிடாது.

17 வருடத்தில் விஷச் செடி தின்று வந்த ஆமைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்பால் கெட்டுப்போய் வந்தவை எண்ணிக்கையில் அடங்காது. வெள்ளரிக்காய், லெட்டூஸ், தக்காளி, பூனைத் தீவனம், நேற்றைய குப்பூஸ் ரொட்டி. லெட்டூஸும் வெள்ளரியும் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். பூனைத் தீவனம் தின்ற ஆமைக்குச் சிறுநீரகம் படும் பாடு தனிக் கதை. இத்தோடு தண்ணீரும் குறைந்தால் சிறுநீர்ப்பையில் யூரேட் என்ற கழிவு உப்பு கட்டிக் கல்லாகும். தேங்காய் அளவுக் கல்லை ஓட்டை அறுத்து எடுத்த நாள் எனக்கு மறக்காது. அகலமான, ஆழமில்லாத தட்டில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும், கோடையில் வாரம் இரண்டு மூன்று தடவை தாடை நனையும் அளவு தண்ணீரில் அரைமணி நேரம் உட்காரவையுங்கள்.

இனி சந்தேகமானவை, இங்கே நான் உறுதியாகப் பேச மாட்டேன். முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், ஆமைக்கு இது ஆகும், இது ஆகாது என்று எங்கள் கையில் இருக்கும் பட்டியல்களில் பெரும்பகுதி மாடு, குதிரை, நாய், மனிதனிடம் பார்த்ததை வைத்தும், பல வருடம் வளர்த்தவர்களின் அனுபவத்தை வைத்தும் எழுதியது. ஆமையின் உடம்பு வேறு, அதனால் சிலவற்றில் நாங்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறோம் என்பதும் சாத்தியம். வேப்பிலை அப்படி ஒன்று. உதிர்ந்ததை ஓரிரண்டு கடித்து எதுவும் ஆகாத ஆமைகளைப் பார்த்திருக்கிறேன், 'குடல் பூச்சிக்கு நல்லது' என்று அரைத்து ஊற்றுவதை மட்டும் வேண்டாம் என்பேன், பூச்சிக்கு மருந்து இருக்கிறது. துளசி, கறிவேப்பிலை மாதிரி வாசனைச் செடிகளைப் பெரும்பாலும் மோந்துவிட்டு நகர்ந்துவிடும், தின்றாலும் கவலை இல்லை. மருதாணியை நான் கொடுக்கச் சொல்வதில்லை, அதன் சாயம் சில மனிதர்களின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது தெரிந்ததே, ஆமையிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. பாலக், தண்டுக்கீரை, புல்தரையில் தானாக முளைக்கும் பருப்புக்கீரை, இவற்றில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். தினமும் கிண்ணம் நிறையக் கொடுத்தால் தப்பு, மேயும்போது நாலு வாய் தின்றால் தப்பில்லை. வன்னி மரம், அதாவது இந்த நாட்டின் தேசிய மரமான காஃப், அதன் உதிர்ந்த இலையை ஆமைகள் தின்பதைப் பார்த்திருக்கிறேன், ஒட்டகமும் ஆடும் நூற்றாண்டுகளாகத் தின்பதுதான், எனக்கு அதில் பயம் இல்லை. ஆனால் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் சீமைக்கருவேலம் இங்கேயும் வந்து குடியேறியிருக்கிறது. அதன் இனிப்பு நெற்றை நெடுநாள் தின்ற மாடுகளுக்கு நரம்பு பாதிக்கும், அதனால் மதிலோரம் விழுந்தால் பெருக்கித் தள்ளிவிடுங்கள்.

செடியைவிடச் செடிமேல் இருப்பது பல நேரம் ஆபத்து. வில்லாக்களுக்கு மாதாமாதம் பூச்சி மருந்து அடிக்க வருவார்கள், கரப்பானுக்கு அடித்தது புல்லில் படும். அதைவிட மோசம், செடியின் உடம்புக்குள்ளேயே ஊறிப்போகும் மருந்துகள், இமிடாகுளோபிரிட் மாதிரியானவை, அவற்றை எத்தனை தடவை கழுவினாலும் போகாது, ஏனென்றால் அவை இலைக்கு உள்ளே இருக்கின்றன. நர்சரியிலிருந்து வாங்கிய செம்பருத்தியை அன்றைக்கே ஆமைமுன் வைக்காதீர்கள். மேல்மண்ணில் உரமணிகள் கிடந்தால் பொறுக்கிவிட்டு, மண்ணை மாற்றி, ஆமைக்கு எட்டாத இடத்தில் சில மாதம் வளர்த்து, பழைய இலை எல்லாம் உதிர்ந்து புது இலை வந்த பிறகு கொடுங்கள். பேரீச்சை மரத்துக்குச் சிவப்புக் கூன்வண்டுக்காக ஊசி போட்டிருந்தால் அந்த மரத்திலிருந்து விழும் எதையும் ஆமை தொடக்கூடாது. சாலையோரப் பூங்காவிலிருந்து பறித்து வரும் வேலையே வேண்டாம். அப்புறம், இது செடி இல்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன், அலங்காரத்துக்குப் போடும் வெள்ளைக் கூழாங்கல்லையும் சொட்டுநீர்க் குழாயின் வெட்டிய துண்டுகளையும் சுல்கட்டா விழுங்கும். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் முழுத் தோட்டமே தெரிந்த ஆமைகள் உண்டு.

ஓட்டின் மேடுகள் பற்றிக் கேட்டீர்களே. ரொம்பக் காலம் எல்லாரும் புரதம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம், நானும் சொல்லியிருக்கிறேன். 2003-இல் வெளியான வியன்னா ஆய்வு ஒன்று சுல்கட்டாக் குட்டிகளையே வைத்துப் பார்த்தது, புரதத்தைவிடச் சுற்றியிருக்கும் காற்றின் ஈரப்பதம்தான் பெரிய வித்தியாசத்தைச் செய்கிறது என்று தெரிந்தது. வறண்ட இடத்தில் வளர்ந்த குட்டிகளுக்கு மேடு அதிகம். உங்கள் ஆமைக்கு அது குட்டியில் ஏசி அறையில் வளர்ந்ததன் தழும்பாக இருக்கலாம். வந்த மேடு இனி இறங்காது, ஓடு கெட்டியாக இருக்கும்வரை அதனால் ஆமைக்கு வலியும் இல்லை. அழுத்தினால் ஓடு அமுங்கினால் அது வேறு நோய், உடனே கொண்டுபோங்கள்.

ஆகாததைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? ஆமையை வாந்தி எடுக்கவைக்க முடியாது, முயலவும் வேண்டாம். பால், உப்புத்தண்ணீர், நல்லெண்ணெய், எதையும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போனால் செடியால் வராத சாவு அதனால் வரும். தின்ற செடியின் ஒரு கிளையை இலையோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் அன்றைக்கே போங்கள். 'நன்றாகத்தானே நடக்கிறது, நாளை பார்ப்போம்' என்பதில்தான் ஏமாந்துபோகிறோம். செரிமானம் மெதுவாக நடக்கும் உடம்பில் விஷமும் மெதுவாகத்தான் ஏறும். அரளி என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். எந்த மருத்துவரிடம் போவது என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணைச் சுவரில் ஒட்டி வையுங்கள், நாய் பூனை பார்க்கும் எல்லாரும் ஆமை பார்ப்பதில்லை.

ஆக உங்கள் தோட்டத்தில் இந்த வாரம் வெளியே போக வேண்டியவை அரளியும் நித்தியகல்யாணியும். செம்பருத்தியும் போகன்வில்லாவும் இருக்கட்டும், முருங்கை உங்கள் வீட்டுக்குப் போக மிச்சம் அதற்கு. வேம்பின் நிழல் வேண்டும், அதைத் தொடாதீர்கள். அந்தக் கள்ளியை மட்டும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை, படத்தில் பாதி சுவருக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு ஒரு ஊசியால் லேசாகக் குத்திப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். பால் வராமல், மடல் தட்டையாக, தோசைத் திருப்பி மாதிரி இருந்தால் நெருக்கத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஆமை அந்தப் பக்கம் போக வேண்டாம்.